கூலியும் ஆளும்

சொல் சிறிதாயின் அதன் பயணமும் சிறிதாகவே இருக்கும் என்று எண்ணுவது தவறு. இரண்டே எழுத்துள்ள ஒரு தமிழ்ச் சொல் கடல் பல கடந்து, போன நாடுதோறும் வெவ்வேறு பொருள் பூண்டு, முடிவில் அடையாளம் தெரியாத முகத்தோடு நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நிற்கிறது. 'கூலி' என்பதே அச்சொல். அதனைப் பற்றி எழுத வேண்டும் என்ற விருப்பம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எழுதாமல் தப்பித்துக்கொள்ள வேண்டும் என்றே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு; அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு என் பேர்த்தி பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குரிய தாள்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பத்திரங்கள் யாவும் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் இருக்கும். அதனைக் கவிழ்த்தபோது என் தந்தையாரின் பிறப்புப் பத்திரம் வெளியே விழுந்தது. 1926ஆம் ஆண்டில், கெமாஸை அடுத்த ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். குழந்தையின் தகப்பனுக்குத் தொழில் யாது என்று கேட்கும் கட்டத்தில், மங்கிய மையால் ஆங்கில எழுத்தில் ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது: கூலி.

தமிழ்ப்பள்ளியில் படித்த பெண் அவள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கூலி என்றால் சம்பளந்தானே? என்ன தொழில் செய்தார் என்று கேட்டதற்குச் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்களே! எழுதியவருக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டாள்.

"எழுதியவரும் தமிழராகவே இருந்திருக்கக் கூடுமம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கு விடை வரவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

குழந்தை கேட்ட கேள்வி பெரிய அகராதிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். வண்டி ஓட்டினால் வண்டிக்கூலி. மூட்டை ஏற்றினால் ஏற்றுக்கூலி. தட்டான் நகை செய்தால் செய்கூலி. வீட்டிற்குக் கொடுக்கும் வாடகைகூடக் குடிக்கூலிதான். இவற்றுள் எதுவும் மனிதனைக் குறிக்கவில்லை. மனிதனைச் சொல்ல வேண்டுமாயின் தமிழன் இன்னொரு சொல்லையும் கூட்டிக்கொள்ள வேண்டும்: கூலியாள், கூலிக்காரன். கூலி வேறு, ஆள் வேறு என்பதை நம் மொழி மறக்கவில்லை.

இதனினும் மேலாக, இச்சொல்லுக்கு நம் இலக்கியத்தில் உயர்ந்ததோர் ஆசனமும் உண்டு. தெய்வத்தால் ஆகாத செயலாயினும், உடம்பு வருந்தி உழைத்த உழைப்புக்கேற்ற பயன் கிடைத்தே தீரும் என்று உரைக்க வந்த திருவள்ளுவர், அந்தப் பயனுக்கு இட்ட பெயர் கூலி. அக்குறள் அமைந்த அதிகாரத்தின் பெயர் ஆள்வினையுடைமை. வள்ளுவர் வாக்கில் கூலி என்பது பிச்சையன்று, இரக்கமன்று. உழைத்தவனுக்கு உலகம் செலுத்தியே தீர வேண்டிய கடன். இப்படிப்பட்ட சொல் எங்கே எவ்வாறு தலைகுனிந்தது? அதன் பயணத்தைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

பக்கத்து வீடாகிய தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அது பெரிதும் பழைய பொருளோடே வாழ்கிறது. இலங்கையில் சிங்களவர் நாவில் அது 'குலி' என நின்று, வாடகையையும் ஊதியத்தையும் குறிக்கிறது. இதுவரையில் குற்றமில்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் கரைக்கு வந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்தனர். கப்பலில் மூட்டை ஏற்றியவர்கள் கூலி கேட்டிருப்பார்கள். கேட்ட காசின் பெயர் கேட்டவனுக்கே பெயராயிற்று. கூலியாள் என்ற சொல் கப்பலேறும்போது, ஆள் கரையிலேயே விடப்பட்டான். கூலி மட்டும் ஏறிப் போயிற்று.

இச்சொல் தமிழினின்றும் போனதுதானா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு உண்டு. 1886இல் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்றொகுதி இதனை ஆராய்கிறது. கூர்ச்சரத்தில் 'கோலி' என்றொரு மக்கட் பிரிவினர் உளர். அவர்கள் பெயரே இவ்வாறு பரவிற்று என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலியே மூலம் என்பது மற்றொரு கட்சி. இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன என்பாரும் உளர். துருக்கி மொழியில் 'குல்' என்றொரு சொல் இருக்கிறது. அடிமை, ஊழியன் என்பது அதன் பொருள். அதனையும் இவ்வழக்கில் சாட்சிக்கு இழுப்பவர் உண்டு.

அந்தத் துருக்கிச் சொல்லின் வாழ்வையும் பாருங்கள். 1591இல் ஐதராபாத் நகரை நிறுவிச் சார்மினாரையும் எழுப்பிய அரசரின் பெயர் முகம்மது குலி குதுப் ஷா. அதில் உள்ள 'குலி', ஊழியன் என்று பொருள்படும் அதே சொல்லின் வடிவந்தான். பெரியாருக்கு ஊழியன் என்று சொல்லிக்கொள்வதில் அரசனுக்கு நாணமில்லை. ஓசை ஏறக்குறைய ஒன்று. ஒருவன் தலையில் அது முடியாகிறது, மற்றொருவன் தலையில் மூட்டையாகிறது. ஆகவே இழிவு ஓசையில் இல்லை. யார், யாரை, எங்கே நின்று அழைக்கிறார் என்பதிலேயே இருக்கிறது.

எங்கள் கெமாஸ் ஊர் இதனைக் கற்றுக்கொள்ளத் தக்க இடம். இஃது இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு. கோலாலம்பூரினின்று வரும் பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 1909இல் ஜொகூர் பாரு வரையில் போய் முடிந்தது. மற்றொன்று காட்டையும் மலையையும் ஊடுருவி, 1931இல் கிழக்குக் கரைத் தும்பாட்டைச் சென்று சேர்ந்தது. மலாயாவின் தண்டவாளங்களுக்கு மண் வெட்டிய கைகளில் தென்னாட்டுக் கைகள் ஏராளம். தண்டவாளங்கள் சந்திக்கும் ஊரில் மொழிகளும் சந்திக்கும். சிறுவனாய் இருந்தபோது இதே சொல்லை இவ்வூரில் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன்.

தோட்டத்தில் என் தாயார், "இந்த மாசம் கூலி போட்டாச்சா?" என்பார். அங்கே அது அரிசி, பருப்பு, பள்ளிக்கூடத்துச் சட்டை. புகைவண்டி நிலையத்தில் மலாய்க்காரர் 'கூலி' என்று குரல் கொடுத்தால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் ஓடி வருவார். அங்கே அது சுமை தூக்கும் மனிதர். கடைத்தெருவில் எங்களுக்குக் கடன் கொடுத்த சீனத் தவுக்கே ஒருவர் இருந்தார். கணக்கு எழுதும் தூரிகையால் ஒருநாள் அவர் தாளில் இரண்டு எழுத்து வரைந்து காட்டினார். முன்னது 'கு', கசப்பு என்று பொருளாம். பின்னது 'லி', வலிமை என்று பொருளாம். அந்நிய ஓசைக்குத் தம் எழுத்தில் வடிவம் தேடிய சீனர், கசந்த வலிமை என்று எழுதி வைத்துக்கொண்டனர். "என் தகப்பனும் இதுதான்" என்று தவுக்கே தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். ஓசையை மட்டும் கடன் வாங்கியவர்கள் உண்மையையும் சேர்த்து எழுதிவிட்டார்கள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

இங்கே நம் கண் முன் நிகழ்ந்தது உலகெங்கும் நிகழ்ந்தது. மொரிசியசுத் தீவுக்கு 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டு போகப்பட்டனர். அவர்கள் இறங்கிய துறைக்குக் கூலித்துறை என்றே பெயர் வழங்கிற்று. நேட்டாலுக்கு முதற்கப்பல் சென்னையினின்று 1860ஆம் ஆண்டு நவம்பரில் போய்ச் சேர்ந்தது. கரும்பு வெட்டப் போனவர்களுக்கு இட்ட பெயர், சில ஆண்டுகளில் இந்தியர் அனைவருக்கும் பொதுப் பெயராயிற்று. கடை வைத்தவர் கூலி வணிகர். 1893இல் வழக்கறிஞராய்ப் போய் இறங்கிய காந்தியடிகள் கூலி பாரிஸ்டர். கூலி வாங்காதவரும் கூலி! மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திராவின் கிழக்குக் கரையில் ஒல்லாந்தர் 1880இல் ஒரு சட்டமே செய்தனர். அதற்குக் கூலிச் சட்டம் என்று பெயர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போகும் சீனனையும் சாவகனையும் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப அச்சட்டம் வழி வகுத்தது. ஊதியத்தைக் குறித்த சொல், ஊதியம் வேண்டாம் என்று எழுந்து போகவும் உரிமையில்லாத மனிதனுக்குப் பெயராகிவிட்டது. ஒரு சொல் இதற்கு மேல் எவ்வளவு தூரம் தன் பொருளைவிட்டு விலக முடியும்?

அந்நியரைப் பழித்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாமா? கூடாது. கப்பலில் முகம் மாறித் திரும்பிய சொல்லை வாசலில் நின்று வரவேற்றவர்கள் நாமே. துரை ஆங்கிலத்தில் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். கிராணி சொன்னதைக் கங்காணி உரத்த குரலில் சொன்னார். பட்டணத்துத் தமிழர் தோட்டத்துத் தமிழரைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லை மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார். ஊரில் சாதி செய்த வேலையை இங்கே இந்தச் சொல் செய்தது. பட்டணத்துக்காரர்மீது மட்டும் இந்தக் குற்றத்தைச் சுமத்த மாட்டேன். இனி என் கதையைச் சொல்லுகிறேன்.

1971ஆம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பட்டணத்து அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு மனுச் செய்தேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என் பேனா நின்றது. எங்கள் லயத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நானூறு மரம் வெட்டிப் பால் சுமந்தவர் என் தந்தை. அதனை எழுத எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக் கிராணி என்று எழுதினேன்.

காப்பாளர் கையொப்பமிட வேண்டும் என்று சொல்லி அவரையும் வரச் செய்தார்கள். வெளுத்த சட்டையும், தோய்த்து உலர்த்திய வேட்டியுமாக வந்தார். அதிகாரி தாளை நீட்டினார். தந்தையார் பேனாவை வாங்கவில்லை. இடக்கைப் பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் அழுத்தினார்.

கிராணி கைநாட்டு வைக்கிறார்! அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்து, என்ன வேலை செய்கிறீர் என்று மலாயில் வினவினார்.

"கூலி, துவான்" என்றார் என் தந்தை.

அதிகாரி நான் எழுதியதை அடித்துவிட்டு, மேலே அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார். எனக்கு முகம் எரிந்தது. அவ்விடத்தில் நிகழ்ந்தது இன்னதென்று இப்போதுதான் தெளிவாகிறது. தந்தையார் சொன்னது தமிழ். உழைத்துக் கூலி வாங்குகிறேன் என்பதே அவர் கருதிய பொருள். அதிகாரி கேட்டது வேறு மொழி. இவன் இன்ன தரத்து மனிதன் என்பதே அவர் எழுதிய பொருள். நான் கேட்டது வசைச்சொல். ஓர் அறை, மூன்று பேர், ஒரு சொல், மூன்று பொருள். சொன்னவர் ஒருவர்தாம் தலை நிமிர்ந்து சொன்னார்.

திரும்பும் வழியில் நிலையத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுதிய பொய் அவருக்கு விளங்கிவிட்டது. ஆயினும் அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "கிராணிக்கு மாசம் பொறந்தா யாரு காசு கொடுக்கிறா?" என்று கேட்டார்.

"தோட்டத்துல" என்றேன்.

"துரைக்கு?"

"கம்பெனி கொடுக்குதுப்பா."

"அப்ப அவரும் கூலிதானடா வாங்குறாரு" என்றார். அவ்வளவே. அதற்குப் பின் அவர் வாழ்நாள் முழுதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தை அவர் கையில் கொடுத்தபோது, "கூலி வாங்கிட்டியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு விடை சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு விளங்கியதும் எனக்கு விளங்காததும் யாவை? கூலி வாங்குவதில் இழிவில்லை. ஆள் என்று மதிக்கப்படாமையே இழிவு என்பதுதான். இதனை நம் தொழிலாளர் அவருக்கு முன்பே நாடறியச் சொல்லியிருக்கின்றனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெருவேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்று கேட்டனர். அது கூலிக்கான கோரிக்கை. அதனோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டனர். துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அது காசு செலவாகாத கோரிக்கை, ஆளுக்கான கோரிக்கை. அதற்கு விடையாகப் படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். மிதிவண்டியில் அமர்ந்தபடியே ஒரு மனிதன் போவது அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றிற்று!

இச்சொல்லையே ஒழித்துவிட்டால் என்ன என்பார் உண்டு. மொரிசியசார் தம் கூலித்துறையின் பெயரை மாற்றி, வந்தேறியோர் துறை என்று பொருள்படும் ஆப்பிரவாசி காட் என வழங்குகின்றனர். 2006இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. இந்திய இருப்புப்பாதைத் துறை 2016இல் சுமை தூக்குவோரைக் கூலி என்னாது, உதவியாளர் என்னும் பொருளில் 'சகாயக்' என அழைக்க வேண்டும் என்று அறிவித்தது. நல்ல காரியங்களே. ஆனால் பெயரை மாற்றிய பின்னும் பார்வை மாறாவிட்டால், புதிய பெயர் பத்தாண்டில் பழைய பெயரின் நாற்றத்தைப் பெற்றுவிடும்.

இதற்குச் சான்று தேடி நான் வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து இரப்பர்க் காடுகள் பல இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. நம் மக்கள் வெளியேறிய வேலைகளுக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்திருக்கின்றனர். அவர்களை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? வங்காளதேசத்து இளைஞனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'பங்ளா'. நம் பாட்டன் காலத்தில் பங்களா என்றால் குன்றின்மேல் இருக்கும் துரை வீடு. வங்காள நாட்டு முறையில் கட்டிய வீடு என்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. அதே நாட்டின் பெயர் அன்று துரையின் மாளிகைக்கு மதிப்பாயிற்று. இன்று தகரக் கொட்டகையில் உறங்கும் தொழிலாளிக்கு வசையாயிற்று. அதனை வசையாக்கியவர்களில் கூலியின் பேரர்களாகிய நாமும் இருக்கிறோம். நம் பாட்டனுக்குப் பிறர் செய்ததை நாம் பிறருக்குச் செய்கிறோம். இதனைவிட வெட்கம் வேறென்ன?

பேர்த்தி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். தொலைபேசியில் அழைத்தால், "தாத்தா, குலியாவுக்கு நேரமாகிவிட்டது" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். குலியா என்பது மலாய் மொழியில் பல்கலைக்கழக விரிவுரை. அரபு மொழியினின்று வந்த சொல். நம் கூலிக்கும் அதற்கும் உறவில்லை. அதன் வேர் முழுமை என்று பொருள்படுவதாகும். கூலி என்று பத்திரத்தில் எழுதப்பட்டவரின் வழியில் வந்த பெண், ஓரெழுத்துக் கூடிய வேறொரு சொல்லின் வாசலில் நுழைகிறாள். உறவில்லாத சொற்களானாலும், ஒன்றினின்று மற்றொன்றுக்குப் போக எங்கள் குடும்பத்திற்கு நூறாண்டு பிடித்தது.

சென்ற மாதம் மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிற்று. பழுது பார்க்க ஓர் இளைஞர் வந்தார், வங்காளதேசத்தவர். முன்பும் இரண்டு முறை வந்திருக்கிறார். அந்த இரு முறையும் நான் அவரைப் பங்ளா என்றே கைதட்டி அழைத்திருக்கிறேன். இம்முறை வேலை முடிந்து அவர் ஏணியினின்று இறங்கியதும், "உங்கள் பெயர் என்ன தம்பி?" என்று மலாயில் கேட்டேன். அவர் சற்றுத் திகைத்தார். ஏதோ புகார் எழுதப் போகிறேன் என்று அஞ்சினார் போலும். அடுத்த முறை பெயர் சொல்லி அழைப்பதற்கு என்றேன். சொன்னார்.

அதனை எழுதிக்கொண்டு, அவர் கூலியை அவர் கையில் கொடுத்தேன்.